நான்காவது மிண்டோ

நான்காவது மிண்டோ வீட்டுக்கு வந்த அன்று பிரான்சியால் அதிலிருந்து இறங்க முடியவில்லை.

காட்டூரில் அவர்கள் வீட்டுக் கார் ஷெட், முதல் மிண்டோவுக்காகக் கட்டியது. புது மாடல் வர வர கார் இரண்டு பக்கமும் பெருத்துக்கொண்டே போனது. ஷெட் அப்படியே இருந்தது. இப்போது பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கினால்தான் வண்டி உள்ளே நுழைந்தது. நுழைந்த பிறகு கதவு பாதிதான் திறந்தது. பிரான்சி ஒரு காலை வெளியே வைத்துத் தோளைத் திருப்பினாள். முந்தானை கதவில் மாட்டிக்கொண்டது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அசைய முடியாமல் நின்றாள்.

“வயித்தை எக்கிக்கம்மா,” என்று சிரித்தாள் லின்சி. பதினோராம் வகுப்பு படிக்கும் மகள். அவள் நீட்டிப் பிடித்திருந்த போனில், மஸ்கட்டிலிருந்து பிரான்சியின் கணவன் பெனடிக்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உரசாம கொண்டாந்துட்டியே, கெட்டிக்காரி,” என்றான்.

“இதைப் போய் இன்னும் சின்ன கார்ங்கறாங்களே!” என்றாள் பிரான்சி, முந்தானையை உருவியபடி.

அன்று காலை ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த சுரேஷ்குமார் என்ற இளைஞன், புது மிண்டோவின் சிறப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஏதோ பரிசு கொடுப்பவனைப் போலச் சொன்னான். “இந்த மாடல்ல காருக்குள்ளயே ஒரு சிம் இருக்குங்க மேடம். வண்டி எங்க நிக்குது, எவ்ளோ வேகத்துல போகுது, கதவு பூட்டியிருக்கா, எல்லாமே போன்ல தெரியும்.”

“யார் போன்ல?”

“ஓனர் போன்லங்க. சார் பேர்ல புக் பண்ணியிருக்கீங்க. அதனால சார் ஓனர். நீங்க செகண்ட் யூசர்.”

பிரான்சி தலையாட்டினாள். அப்போது அது பெரிதாகப் படவில்லை.

முதல் மிண்டோவை வாங்கியது அவள் அப்பா தைரியராஜ். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மூட்டு வலியால் அவரால் ஓட்ட முடியவில்லை. அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த பிரான்சி, டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு வண்டியைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். அந்தக் காரில் ஒன்றுமே கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்ப உடம்பையே வளைக்க வேண்டும். கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மேலப்புதூர் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்றால் கால் நனையும். சனிக்கிழமை மதியங்களில் அவள் அதை எடுத்துக்கொண்டு முக்கொம்புக்கோ, கல்லணை ரோட்டிலோ தனியாகப் போவாள். திரும்பி வந்தால் அப்பா கேட்பார், “எங்கம்மா போன?” “சும்மாப்பா.” “சரி, சாப்பிடு.” அவ்வளவுதான்.

கல்யாணத்தோடு அந்தக் காரும் காட்டூருக்கு வந்தது. ஷெட் கட்டியது அப்போதுதான். லின்சி பிறந்து நடக்கத் தொடங்கியபோது பெனடிக்ட் அதைக் கொடுத்துவிட்டு இரண்டாவது மிண்டோவை வாங்கினான். ஒரு விரலால் ஸ்டியரிங் திரும்பியது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி இறங்கியது. குழந்தை கதவைத் திறக்காமலிருக்கப் பின்கதவில் ஒரு பூட்டு. அவன் மஸ்கட்டுக்குப் போன பிறகு வந்தது மூன்றாவது. இன்னும் உயரம், இன்னும் அகலம். நடுவில் ஒரு திரை, பின்னால் ஒரு கேமரா. வேகம் எடுத்ததும் நான்கு கதவுகளும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். பெல்ட் போடாவிட்டால் கத்தும். ஒவ்வொரு முறையும் கார் முன்பைவிட நல்லதாக இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு முறையும் பிரான்சி சந்தோஷமாகவே ஏறி உட்கார்ந்தாள்.

மூன்றாவது மிண்டோவில்தான் விபத்து நடந்தது. ஐப்பசி மழையில், கொள்ளிடம் பாலத்தில், பின்னால் வந்த லாரி இடித்து கார் கைப்பிடிச் சுவரில் மோதியது. இடது கை எலும்பு முறிந்தது. யாரோ அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன் சீட்டுக்கு அடியில் எங்கேயோ விழுந்து அணைந்துபோயிருந்தது. பெனடிக்டுக்குத் தெரிந்ததெல்லாம், அவன் தம்பி பிரவீன்ராஜ் கூப்பிட்டு “அண்ணிக்கு ஆக்சிடென்ட்” என்று சொன்னதும் லைன் துண்டித்துப்போனதும்தான். மறுபடி லைன் கிடைக்கச் சாயங்காலமாகிவிட்டது. அந்த அரை நாளை அவன் எப்படிக் கழித்தான் என்று அவன் ஒருபோதும் முழுசாகச் சொன்னதில்லை. கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் அவன். எது எப்படிச் சரிந்து விழும், யார் மேல் விழும் என்று நினைத்துப் பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையை அவன் அன்றிலிருந்து வீட்டுக்கும் பார்க்கத் தொடங்கினான்.

ஆகவே நான்காவது மிண்டோ.

முதல் வாரங்கள் இனிமையாகவே இருந்தன. பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்பாக, மஸ்கட்டில் இருந்தபடியே அவன் போனில் ஏசியைப் போட்டுவிடுவான். வெயிலில் காய்ந்த வண்டியின் கதவைத் திறந்தால் குளுகுளுவென்று காற்று முகத்தில் அடிக்கும். கணக்கு டீச்சர் சாரா பீவி ஒருநாள் உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்ல இருக்கறவரு பக்கத்து ரூம்லேருந்து ஃபேன் சுவிட்சைக்கூடப் போட மாட்டாரு பிரான்சி. நீ குடுத்து வெச்சவ,” என்றாள். பிரான்சிக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், அம்மா மண்டபம் பக்கம் ஆற்றைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது அவள் பழக்கம். ரொம்ப வருஷமாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கத்திய தொண்டைக்கும், வீட்டுக்குப் போனதும் தொடங்கும் வேலைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

ஒருநாள் பெனடிக்ட் கேட்டான். “தினமும் அங்க நிக்கறியே, ஏதாவது பிரச்சினையா?”

“இல்லைங்க. சும்மாதான்.”

“சும்மான்னா?”

“ஆத்தைப் பார்ப்பேன்.”

அவன் சிரித்தான். “இஞ்சினை ஓடவிட்டுக்கிட்டு ஆத்தைப் பார்க்கறியா? சரி சரி. தனியா இருக்கே, கண்ணாடியை ஏத்தி வெச்சுக்கோ.”

அதில் கோபமே இல்லை. ஆனால் மறுநாள் அங்கே நின்றபோது பிரான்சிக்கு ஆறு கண்ணில் படவில்லை. எத்தனை நேரம் ஆகிறது, இன்று என்ன கேட்பான் என்றே மனம் ஓடியது. அடுத்த வாரம் அவள் அங்கே நிறுத்துவதை விட்டுவிட்டாள்.

பிறகு வேகம். பால்பண்ணை பக்கம் ஏன் அவ்வளவு வேகம் என்றான். பிறகு காந்தி மார்க்கெட்டில் ஏன் அவ்வளவு நேரம் என்றான். அவள் கேட்பதற்கு முன்பே சொல்லப் பழகிக்கொண்டாள். “மார்க்கெட் போறேன், லேட்டாகும்.” “சாராவை இறக்கிவிட்டுட்டு வரேன்.” இப்படி மெசேஜ் அனுப்பிவிட்டுத்தான் சாவியை எடுத்தாள். ஒருநாள் சாரா பீவி கேட்டாள், “ஏன் பிரான்சி, என்னை இறக்கிவிடறதுக்குக்கூட அனுமதியா?”

“அனுமதி இல்லை சாரா. தகவல்.”

“வித்தியாசம் என்னவாம்?”

பிரான்சி காரின் கதவைத் திறந்துவிட்டு, “ஏறு,” என்றாள்.

ஆடியில் அவன் வேலி போட்டான். வேலி என்பது அவன் வைத்த பெயர். போனில் வரைபடத்தைத் திறந்து, காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை விரலால் ஒரு வட்டம் வரைந்தால் போதும். கார் அதைத் தாண்டினால் இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அலறும். “உன்னை நான் சந்தேகப்படலை பிரான்சி. உனக்கே தெரியும். கவலைப்படறேன், அவ்ளோதான். தாண்டணும்னா ஒரு வார்த்தை சொல்லு, எடுத்துவிடறேன்.”

உண்மைதான். அவன் சந்தேகப்படவில்லை. அவன் குரலை உயர்த்தியதுகூட இல்லை. அதனால்தான் அவளால் எதையும் பிடித்துச் சண்டை போட முடியவில்லை. காலையில் வட்டத்துக்குள் போய், சாயங்காலம் வட்டத்துக்குள் வந்தாள். ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாதித் திறந்த கதவு வழியாகப் பிதுங்கி வெளியே வந்தாள்.

லின்சியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளோ போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்பா என் போனையும்தான் பார்க்கறாரு. எல்லார் வீட்லயும் இப்படித்தாம்மா. இதுல என்ன இருக்கு?” என்றாள். அந்தப் பதில் பிரான்சியை வேலியைவிட அதிகமாக உறுத்தியது.

புரட்டாசியில் ஒருநாள் மதிய இடைவேளையில் இருசம்மாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பள்ளியில் மணி அடிப்பதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் அவள்தான். ஊர் பச்சைமலை. அவள் மகள் யாழினி இதே பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள், பிரான்சியின் மாணவி. கல்யாணமாகி மலையிலேயே இருந்தாள்.

“டீச்சர், பாப்பாவுக்கு இன்னும் நாள் இருக்கையிலயே வலி எடுத்துருச்சாம். மேல ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம். அம்மா எங்கேன்னு அழுவுதாம். நான் கெளம்பறேன், எச்.எம். வந்தா சொல்லிருங்க.”

“எப்படிப் போவீங்க?”

“துறையூருக்குப் பஸ்ல போயி, அங்கேருந்து மலை பஸ்ஸு. சாயந்தரம்தான் வரும்.”

பிரான்சி தன் பையை எடுத்தாள். “வாங்க. நான் கொண்டுபோய் விடறேன்.”

மெசேஜ் அனுப்பினாள். ‘இருசம்மா பொண்ணுக்குப் பிரசவ வலி. பச்சைமலைக்குப் போறேன். வேலியை எடுத்துவிடுங்க.’ பதில் வரவில்லை. அவன் வேலைத்தளத்தில் இருக்கும் நேரம். கொள்ளிடத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் போன் அலறியது. இருசம்மாள் திடுக்கிட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். “ஒண்ணுமில்லைங்க, சும்மா கத்தும்,” என்றாள் பிரான்சி.

மண்ணச்சநல்லூர் தாண்டியபோது பெனடிக்டின் குரல் காருக்குள் ஸ்பீக்கரில் கேட்டது. “எங்க போயிட்டிருக்கே?”

“மெசேஜ் போட்டேனேங்க.”

“பார்த்தேன். துறையூரோட நிறுத்திக்கோ. அது மலை ரோடு. மழை வேற வரும்னு போட்டிருக்கு.”

“நான் மெதுவாப் போயிடுவேன்.”

“கொள்ளிடம் பாலத்துலயும் மெதுவாத்தானே போன?”

பக்கத்தில் இருசம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றும் கேட்காதவளைப் போல உட்கார்ந்திருந்தாள். “அப்புறம் பேசறேங்க,” என்று பிரான்சி அழைப்பைத் துண்டித்தாள்.

துறையூரில் பெட்ரோல் போட பங்க்கில் நுழைந்து இஞ்சினை அணைத்தாள். பெட்ரோல் போட்டு முடிந்தது. பட்டனை அழுத்தினாள். வண்டி கிளம்பவில்லை. திரையில் ‘உரிமையாளர் அனுமதி தேவை’ என்று எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே எழுத்து. பின்னால் நின்ற பைக்குகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பங்க் ஆட்கள் இரண்டு பேர் வந்து, “நியூட்ரல்ல போடுங்கம்மா,” என்று வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். தள்ளும்போது அவள் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியில் தானும் ஒரு மூட்டையாக இருப்பது போலிருந்தது.

“என்னங்க, வண்டி ஸ்டார்ட் ஆகலை,” என்றாள், பெனடிக்டைப் போனில் கூப்பிட்டு.

“நான்தான் நிறுத்தினேன்,” என்றான் பெனடிக்ட். “கோபப்படாதே. பிரவீன் கிளம்பிட்டான். அந்த அம்மாவை பஸ் ஏத்திவிட்டுட்டு நீ அங்கேயே நில்லு.”

“பஸ் சாயங்காலம்தான். அவங்க பொண்ணு மலை மேல வலியில கிடக்குதுங்க. ஆன் பண்ணி விடுங்க.”

“வேற வண்டி பிடிச்சு அனுப்பு. காசு நான் தரேன்.”

“நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.”

“பிரான்சி, என் பொண்டாட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இங்கேருந்து என்ன பண்ணுவேன்? சொல்லு. என்ன பண்ணுவேன்?”

அவன் குரல் உடைந்தது. அவன் அழுகிறான் என்று தெரிந்தது. இவ்வளவு அன்பாக ஒருவன் கதவைச் சாத்தினால் எதைத் தட்டுவது?

இருசம்மாள் மெதுவாகச் சொன்னாள், “நீங்க இருங்க டீச்சர். நான் எப்பிடியாவது போயிக்கிறேன்.” இறங்கி ரோட்டோரம் போய் நின்றாள். மரவள்ளிக் கிழங்கு இறக்கிவிட்டுக் காலிச் சாக்குகளோடு மலைக்குத் திரும்பும் ஜீப் ஒன்றைக் கை காட்டி நிறுத்தினாள். “டாப் செங்காட்டுப்பட்டி போவுதா?”

போனை இன்னும் காதில் வைத்திருந்த பிரான்சி அதைப் பார்த்தாள். “வெக்கறேங்க,” என்றாள். லின்சிக்குப் போன் செய்தாள். “பச்சைமலைக்குப் போறேன். இன்னிக்கு வர முடியாதுன்னு நினைக்கறேன். பக்கத்து வீட்டுப் பவுனம்மா அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கோ. அப்பாகிட்ட சொல்லிடு, நான் நல்லாயிருக்கேன்னு.” காரைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறினாள். மூட்டை கட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்குகளின் மேல் உட்கார்ந்தாள்.

சோபனபுரம் தாண்டி மலை ஏற ஏற மழை வந்தது. போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. அவள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். எங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். யாழினி வெளிறிப்போய்க் கிடந்தாள். தாயைப் பார்த்ததும் உதடு துடித்தது. “எங்கம்மா போன இவ்ளோ நேரம்? நான் கத்திக்கிட்டே இருந்தேன்.”

பிரான்சி வாயைத் திறப்பதற்குள் இருசம்மாள் சொன்னாள், “பஸ்ஸு கெடைக்கல சாமி.”

அவள் பிரான்சியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததே பிரான்சிக்குப் போதுமானதாக இருந்தது. தன் புருஷன், தன் கார், தன் வீட்டு விஷயம். அதை மூடி மறைக்கும் பொறுப்பை ஒன்றும் கேட்காமலே இந்தப் பெண் எடுத்துக்கொண்டுவிட்டாள். பிரான்சி வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் துறையூருக்கு இறங்கினாள். பங்க் ஓரத்தில் காருக்குப் பக்கத்தில் பிரவீன்ராஜ் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

“என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? அண்ணன் சாப்பிடவே இல்லை.”

“லின்சிகிட்ட சொல்லிட்டுத்தானே தம்பி போனேன்.”

“சொன்னா. இருந்தாலும் வண்டி இங்க நிக்குது, நீங்க இல்லைன்னா அவருக்கு எப்படி இருக்கும்? இப்ப ஓப்பன் பண்ணிட்டாரு. ஏறுங்க, போலாம்.”

பிரான்சி பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். “நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் பஸ்ல வரேன்.”

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரைத் தொடவில்லை. காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கே மாறி ஸ்ரீரங்கம். பெரும்பாலும் நின்றுகொண்டே பயணம். முறிந்து சேர்ந்த கை கம்பியைப் பிடித்தால் வலித்தது. காரை ஷெட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும் டீச்சரைத் தெருவில் எல்லோரும் விசாரித்தார்கள். “சர்வீஸ்ல இருக்கா?” என்றார்கள். லின்சி, “அசிங்கமா இருக்கும்மா,” என்றாள். பெனடிக்ட் முதலில் மன்னிப்புக் கேட்டான். வேலியை எடுத்துவிட்டேன் என்றான். இனிமேல் நிறுத்த மாட்டேன் என்றான். பிறகு கெஞ்சினான். அவள் அவனோடு தினமும் பேசினாள். சாப்பாடு, லின்சியின் டியூஷன், தண்ணீர் வரி என்று எல்லாம் பேசினாள். காரைப் பற்றி மட்டும் பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்கு வந்தான். இளைத்திருந்தான். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. பண்டிகை கழிந்த மறுநாள், “ஒரு ரவுண்டு போலாமா?” என்று கேட்டான். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். சிந்தாமணி தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கவாட்டில் ஆட்டோக்கள். எங்கும் நகர முடியாத அந்த இடத்தில்தான் அவன் பேசினான்.

“காலைல கேம்ப்ல டீயை வெச்சுக்கிட்டுப் போனைத் திறப்பேன். மேப்ல உன் புள்ளி இந்தப் பாலத்துல மெதுவா வரும். நான் பக்கத்துல உக்காந்து வர மாதிரி இருக்கும். அந்த ரூம்ல ஆறு பேர் பிரான்சி. எனக்குன்னு ஒரு கட்டில், ஒரு பீரோ. வீடுன்னு நான் பார்க்கறதே அந்தப் புள்ளியைத்தான்.”

இதை அவன் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அந்தப் புள்ளியாக ஓடியிருப்பாள் என்றும் தோன்றியது.

“அந்தப் புள்ளி நான் இல்லைங்க,” என்றாள். “இந்தப் பாலத்துல கொஞ்சம் மெதுவாப் போலாம்னு தோணினாக்கூட, இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் முதல்ல யோசிப்பேன். உங்களுக்குக் காட்டறதுக்காகவே வண்டி ஓட்டின மாதிரி ஆயிடுச்சு.”

“நான் உன்னை ஒரு நாளாவது தப்பா நினைச்சிருக்கேனா?”

“இல்லை. நினைச்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.”

பஸ் நகர்ந்தது. மாம்பழச்சாலையில் வண்டியைத் திருப்பி நேரே ஷோரூமுக்கு விட்டான்.

சுரேஷ்குமாருக்கு முதலில் புரியவில்லை. “மேடம் பேருக்கா சார்? முழுசாவா?” என்று கேட்டுக்கொண்டே கணினியில் எதையோ மாற்றினான். பிறகு வழக்கமான மரியாதையோடு நிமிர்ந்தான். “சாரை செகண்ட் யூசரா போட்டுடவாங்க மேடம்?”

பெனடிக்ட் அவள் பக்கம் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த சின்ன பொம்மைக் காரை விரலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தான்.

“வேண்டாம்,” என்றாள் பிரான்சி.

அவன் விரல் நின்றது. அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் நல்லபடியாகவே பேசிக்கொண்டு வந்தான்.

ஜனவரியில் அவன் மஸ்கட்டுக்குத் திரும்பினான். பள்ளி திறந்தது. பிரான்சி மறுபடி கார் ஓட்டினாள். யாருக்கும் மெசேஜ் போட வேண்டியதில்லை. ஆனாலும் சாவியை எடுக்கும்போது கை தானாகப் போனுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும், யாழினியின் குழந்தையைப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். கொள்ளிடத்தைத் தாண்டினாள். டோல்கேட் வந்தது. எதுவும் அலறவில்லை. அலறாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. ஓரமாக நிறுத்தினாள். லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. வெகுநேரம் காத்திருந்தாள், எதற்கென்று தெரியாமல். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பெனடிக்ட் கூப்பிட்டான். எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவன் படும் பாடு குரலில் தெரிந்தது. அவளே சொன்னாள்.

“இன்னிக்குப் பச்சைமலைக்குக் கிளம்பினேன். டோல்கேட்ல திரும்பிட்டேன்.”

“ஏன்?”

“தெரியலைங்க. முடியலை.”

அவன் மிகவும் பரிவாகச் சொன்னான், “பயப்படாதே. அடுத்த ஞாயித்துக்கிழமை போ. நான் சொல்றேன்ல, தைரியமாப் போ.”

அவளுக்குச் சுருக்கென்றது. “அதை நீங்க சொல்லாதீங்க,” என்றாள்.

“எதை?”

“போன்னு.”

“போன்னுதானே சொல்றேன்?” என்றான் அவன், புரியாமல். அவள் லின்சியைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கும் போகவில்லை. அவன் சொன்னதற்காகப் போனது போல ஆகிவிடும் என்று வீட்டிலேயே இருந்தாள். துணி துவைத்தாள், விடைத்தாள் திருத்தினாள். தான் இப்போதும் அவன் வார்த்தையைச் சுற்றித்தான் நடக்கிறோம் என்று மாலையில் உறைத்தது. அதற்கடுத்த ஞாயிறு போனாள். டோல்கேட்டில் நிறுத்தவில்லை. துறையூரில் நிறுத்தவில்லை. மலை வளைவுகளில் பயந்து பயந்து ஏறினாள். யாழினியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருசம்மாளின் வீட்டு வாசலில் வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்தாள்.

வீடு திரும்பியதும் போன் வந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. பேசுவதற்கு வேறொன்றும் கிடைக்காமல், இருவரும் லின்சியின் கெமிஸ்ட்ரி மார்க்கைப் பற்றிப் பேசினார்கள்.